கன்டெய்னர் டிடென்ஷன், கிரவுண்ட் ரெண்ட் கட்டாம சரக்கை எடுக்கறது எப்படி?

முதல் தடவை இம்போர்ட் பண்றவங்க சரக்கு விலை, ஃப்ரெய்ட், டியூட்டி மூணையும் பைசா சுத்தமா கணக்கு போட்டுடுவாங்க, ஆனா கன்டெய்னர் லேட்டானா என்ன செலவு வரும்னு யாரும் சொல்லித் தர்றதில்ல. சென்னை, காட்டுப்பள்ளி, தூத்துக்குடின்னு எங்க இறக்கினாலும் இந்த வழிமுறை பொருந்தும்.

முதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கோங்க, எல்லாத்தையும் டெமரேஜ்னு ஒரே பேர்ல சொல்வாங்க, ஆனா ரெண்டு மீட்டர் தனித்தனியா ஓடும். சரக்கு சி.எஃப்.எஸ்.ல (போர்ட்ல இறக்கின கன்டெய்னரை வெச்சு கஸ்டம்ஸ் கிளியரன்ஸ் பண்ற யார்டு) கிடக்கறதுக்கு அவங்க போடறது கிரவுண்ட் ரெண்ட். பொட்டிய (கன்டெய்னரை) காலியா திருப்பித் தர்ற வரைக்கும் ஷிப்பிங் லைன் போடறது டிடென்ஷன். ஒருத்தர் ஃப்ரீ டேஸ் (சார்ஜ் போடாம விடற நாள்) குடுத்தா இன்னொருத்தருக்கு அது செல்லாது.

டிடென்ஷன் ஸ்லாப் ஸ்லாபா ஏறும். கணக்குக்காக ஒரு ரேட் வெச்சுக்குவோம்: 7 நாள் ஃப்ரீ, அப்புறம் 5 நாளைக்கு தினம் 40 டாலர், அதுக்கு மேல தினம் 80. ஃப்ரீ டேஸ் முடிஞ்சு 12 நாள் லேட்னா 200 + 560 = 760 டாலர், ஜி.எஸ்.டி. தனி. ஞாயித்துக்கிழமை, பொங்கல் லீவு எல்லாமே பொதுவா கணக்குல வரும்.

ஸ்டெப் 1: புக்கிங்லயே ஃப்ரீ டேஸ் கேளுங்க. 14 நாள் வேணும்னா கப்பல் கிளம்பறதுக்கு முன்னாடியே மெயில்ல எழுதி வாங்கணும், முடிஞ்சா பி.எல்.லயே (பில் ஆஃப் லேடிங், சரக்கை ஏத்தினதுக்கு லைன் தர்ற டாக்குமென்ட்) போடச் சொல்லுங்க. கப்பல் வந்தப்புறம் கெஞ்சினா கிடைக்கறது கஷ்டம்.

ஸ்டெப் 2: டிராஃப்ட் பி.எல்.ல எழுத்து எழுத்தா பாருங்க. என்னைக் கேட்டா இதுதான் எல்லாத்தையும் விட முக்கியம். எங்களுக்கு வந்த ஒரு கன்டெய்னர்ல பேக்கிங் லிஸ்ட்ல 18,450 கிலோ, பி.எல்.ல 18,540. நாங்க யாரும் கவனிக்கல. கப்பல் வந்ததுக்கு அப்புறம்தான் தெரிஞ்சுது, ஐ.ஜி.எம். (கப்பல்ல என்ன சரக்கு வருதுன்னு லைன் கஸ்டம்ஸுக்கு தர்ற பட்டியல்) அமெண்ட்மென்ட் போட்டு அது சரியாகறதுக்குள்ள பொங்கல் லீவும் சேர்ந்து ஃப்ரீ டேஸ் மொத்தமும் போயிடுச்சு. எடை, கம்பெனி பேர், பொட்டி நம்பர், சீல் நம்பர் எல்லாத்தையும் இன்வாய்ஸோட பக்கத்துல வெச்சு ரெண்டு பேர் படிங்க.

ஒரிஜினல் பி.எல். பேங்க் வழியா வருதுன்னா அது எங்க இருக்குன்னு தினமும் கேளுங்க. நம்பிக்கையான சப்ளையர்னா டெலக்ஸ் ரிலீஸ் (ஒரிஜினல் பி.எல். இல்லாமலே சரக்கை விடச் சொல்லி லைன் அனுப்பற மெசேஜ்) வாங்கிடுங்க, கூரியருக்காக காத்திருக்க வேண்டியதில்ல.

ஸ்டெப் 3: பில் ஆஃப் என்ட்ரிய (இம்போர்ட் சரக்கு பத்தி கஸ்டம்ஸுக்கு தர்ற டிக்ளரேஷன்) முன்னாடியே போடுங்க. கப்பல் வர்ற நாளுக்கு முந்தின நாள் முடியறதுக்குள்ள ஃபைல் பண்ணிடணும், 30 நாள் முன்னாடியே கூட போடலாம். இலங்கை மாதிரி பக்கத்து நாட்டுல இருந்து கடல் வழியா வந்தா கப்பல் வர்ற அன்னிக்கு முடியறதுக்குள்ள போட்டா போதும். லேட்டானா முதல் 3 நாளைக்கு தினம் 5,000 ரூபா, அப்புறம் தினம் 10,000 ரூபா வரைக்கும் போகும், இது டிடென்ஷன் இல்லாம தனி. எச்.எஸ்.என். கோடு (டியூட்டிக்காக சரக்கை வகைப்படுத்தற நம்பர்) எது, எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (உணவுப் பொருள் அனுமதி), பி.ஐ.எஸ். (தரச் சான்று) ஏதாவது தேவையான்னு சி.எச்.ஏ. (கஸ்டம்ஸ் புரோக்கர்) கிட்ட ஆர்டர் போடறதுக்கு முன்னாடியே கேட்டுடுங்க.

ஸ்டெப் 4: டியூட்டி காசு, டி.ஓ. (டெலிவரி ஆர்டர், சரக்கை எடுக்க லைன் தர்ற அனுமதி) காசு தயாரா வைங்க. அவுட் ஆஃப் சார்ஜ் (சரக்கை எடுத்துக்கலாம்னு கஸ்டம்ஸ் தர்ற அனுமதி) கிடைச்சும் லைனுக்கு பணம் கட்டாம ரெண்டு நாள் போறது ரொம்ப சாதாரணமா நடக்குது. டியூட்டி கட்ட உடனே காசு இல்லைன்னா பொட்டியோட சரக்கை விட்டு வைக்காதீங்க, பாண்டட் வேர்ஹவுஸ்ல (டியூட்டி கட்டறதுக்கு முன்னாடி சரக்கை வைக்க கஸ்டம்ஸ் அனுமதிச்ச குடோன்) இறக்க கஸ்டம்ஸ் ஆக்ட் செக்‌ஷன் 49ல பர்மிஷன் கேட்கலாம், வாடகை வந்தாலும் பொட்டி காலியாகி டிடென்ஷன் நிக்கும்.

கஸ்டம்ஸ் சரக்கை பிடிச்சு வெச்சு, கடைசில எல்லாம் சரியா இருக்குன்னு விட்டாங்கன்னா சும்மா இருக்காதீங்க, அவங்க கிட்ட எழுத்துல சர்டிஃபிகேட் வாங்கி லைன்லயும் சி.எஃப்.எஸ்.லயும் வெய்வர் (சார்ஜ் தள்ளுபடி) கேளுங்க, அதுக்கு ரூல் இருக்கு.

ஸ்டெப் 5: எம்ட்டி, அதாவது காலிப் பொட்டிய திருப்பித் தர்றது. சரக்கு குடோனுக்கு வந்துட்டா வேலை முடிஞ்சதுன்னு நினைக்காதீங்க, மீட்டர் இன்னும் ஓடுது. டி.ஓ.ல எம்ட்டி வேலிடிட்டி தேதி இருக்கும், அதுக்கு ஒரு நாள் முன்னாடியே அனுப்புங்க. உள்ள ஆணி, கட்டை, ஸ்டிக்கர் எதுவும் இல்லாம பெருக்கி, நாலு பக்கமும் தரையும் தெரியற மாதிரி டிரைவரை போட்டோ எடுக்கச் சொல்லுங்க. யார்டு ஃபுல்னு திருப்பி அனுப்பினா கேட் போர்டு, லாரி நம்பர், பொட்டி நம்பர் தெரியற மாதிரி ஒரு போட்டோ எடுத்து அப்பவே லைனுக்கு மெயில் போட்டு வேற யார்டு கேளுங்க, மறுநாள் போடற மெயிலுக்கு மதிப்பு கம்மி. உள்ள இறக்கினதும் ஈ.ஐ.ஆர். ஸ்லிப் (பொட்டி எந்த நிலைமைல திரும்பி வந்துச்சுன்னு யார்டு தர்ற ரசீது) வாங்காம லாரி வெளிய வரக்கூடாது, பொட்டிக்கு கட்டின டெபாசிட் ரீஃபண்ட் கேட்கும்போது லைன் முதல்ல கேக்கறது அதைத்தான்.