லேசரில் சிக்குக் கோலம் போடுவது எப்படி?

கடைக்கு வந்து லேசர் புரொஜெக்டர் பற்றி விசாரிக்கிறவர்கள் முதலில் கேட்பது "எத்தனை வாட்டு சார்?" என்றுதான். ஆம்ப்ளிஃபயர் வாங்க வருகிறவரும் இதையேதான் கேட்பார். கும்பகோணத்தில் ஆடியோ ரிப்பேர் கடை வைத்திருக்கிற எனக்குப் பழகிப்போன கேள்வி. வீட்டில் படம் வரைய வாட் பெரிய விஷயமே இல்லை. விளக்கை அணைத்த கூடத்தில், 4 மீட்டர் தள்ளி இருக்கும் சுவருக்கு அரை வாட்டே தாராளம். கேட்க வேண்டியது, உள்ளே இருக்கிற கண்ணாடி எவ்வளவு வேகமாக ஆடும் என்பதைத்தான்.

புரொஜெக்டருக்குள் இரண்டு குட்டிக் கண்ணாடிகள், இரண்டு மோட்டார்கள். கால்வோ என்பார்கள். ஒன்று கதிரை இடவலமாக ஆட்டும், மற்றது மேலும் கீழுமாக. சுவரில் விழுவது எப்போதும் ஒரே ஒரு புள்ளிதான். அது ஓடுகிற வேகத்தில் நமக்குக் கோடாகத் தெரிகிறது. கண்ணாடிக்கு எடை உண்டு. வளைந்து போகச் சொன்னால் சுகமாகப் போகும், சட்டென்று நின்று திரும்பச் சொன்னால் திணறும். அதனால்தான் சொல்கிறேன், முதலில் போட்டுப் பார்க்க வேண்டியது பட்டாம்பூச்சியோ பெயரோ இல்லை, சிக்குக் கோலம். புள்ளிகளைச் சுற்றி வளைந்து வளைந்து போய்ப் புறப்பட்ட இடத்திலேயே முடிகிற ஒற்றை இழை. நடுவில் கதிரை அணைக்க வேண்டிய வேலையே இல்லை. காதை வைத்துக் கேட்டாலே வித்தியாசம் தெரியும். மூலை மூலையாக இருக்கிற படிக்கோலத்தைக் கொடுத்தால் கால்வோ கீச்சிடும். சிக்குக் கோலத்துக்குச் சுருதிப்பெட்டி மாதிரி ஒரே சீராக முனகும்.

வாங்கும்போது பெட்டியின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். 25 ஊசி உள்ள ஐஎல்டிஏ சாக்கெட், அதாவது லேசர் புரொஜெக்டர்களுக்கென்று இருக்கிற பொது இணைப்பு, இருக்க வேண்டும். அல்லது எஸ்டி கார்டு போடுகிற இடமாவது இருந்து, அது ஐஎல்டிஏ கோப்பைப் படிக்க வேண்டும். இரண்டும் இல்லாமல் பச்சையும் சிவப்புமாகப் புள்ளிகளை வாரி இறைக்கிற மலிவுப் பெட்டிகளில் கால்வோவே கிடையாது, அதில் கோலம் வராது. சாக்கெட் வழியாக ஓட்ட, கணினிக்கும் புரொஜெக்டருக்கும் நடுவே ஹீலியோஸ், ஈதர் டிரீம் மாதிரி ஒரு டாக் வேண்டும், கணினி சொல்லும் எண்களை கால்வோவுக்குப் புரிகிற மின்னழுத்தமாக மாற்றுகிற குட்டிப் பெட்டி அது. வேகத்தை கேபிபிஎஸ், அதாவது நொடிக்கு எத்தனை ஆயிரம் புள்ளி, என்று போட்டிருப்பார்கள். 20 போதும், 30 என்றால் நிம்மதி.

அந்த 30-க்கு ஒரு கணக்கு இருக்கிறது. நொடிக்கு 30,000 புள்ளி. படம் சிமிட்டாமல் இருக்க நொடிக்கு 25 தடவையாவது முழுக் கோலத்தையும் வரைந்தாக வேண்டும். அப்படியானால் ஒரு கோலத்துக்கு 1,200 புள்ளிதான் கிடைக்கும். அதுவும் கதிர் 8 டிகிரி கோணத்துக்கு மட்டும் விரியும்போது அளந்து சொன்ன வேகம். 4 மீட்டர் தூரத்தில் அது இரண்டடிக்கும் குறைவான அகலம். ஏழடிக்கு விரித்தால் வேகத்தைக் குறைத்துத்தான் ஆக வேண்டும். குறைக்காமல் ஓட்டினால் கால்வோ சூடாகும், வளைவுகள் சப்பிப் போகும்.

இனி வரைவது. 1, 3, 5, 3, 1 என்று 13 புள்ளி வைத்து, ஒரே இழையில் முடிகிற கோலமாகப் பார்த்து எடுங்கள். காகிதத்தில் விரலை வைத்து ஓட்டிப் பாருங்கள். முழுக் கோலத்தையும் சுற்றாமலே விரல் தொடங்கிய இடத்துக்கு வந்துவிட்டால் அது இரண்டு இழை, வேறு எடுங்கள். அதை இங்க்ஸ்கேப் என்கிற வரைகலை மென்பொருளில் ஒரே பாதையாக, துண்டு விழாமல் வரைந்து எஸ்விஜி கோப்பாகச் சேமித்தால், லேசர் மென்பொருள்கள் பலவும் வாங்கிக்கொள்ளும். கதிர் தொட்டுப் போகிற புள்ளிகளை (கோலப் புள்ளி இல்லை) வளைவில் நெருக்கமாகவும் நேரான இடத்தில் கொஞ்சம் தள்ளியும் வைக்க அந்த மென்பொருளிடம் சொல்லுங்கள்.

நான் இழையை மட்டும் சுவரில் விட்டபோது என் வீட்டுக்காரி, "ஏங்க, புள்ளி இல்லாம என்ன கோலம்? வெறும் கிறுக்கல்" என்றாள். நியாயம்தான். ஆனால் லேசரில் ஒரு புள்ளி பளிச்சென்று தெரிய, கதிர் அங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். அப்புறம் அணைந்து, அடுத்த புள்ளிக்குத் தாவி, மறுபடி எரிய வேண்டும். 13 புள்ளிக்கே 1,200-இல் கால் பங்கு காலியாகிவிடும். அவளே வழியும் சொன்னாள்: சாக்பீஸை எடுத்துச் சுவரில் புள்ளியை வைத்துவிட்டாள். இழையை அதன்மேல் பொருத்துவதுதான் என் வேலை.

மாவின் வெள்ளை வர வேண்டுமென்றால் நீலத்தைக் குறையுங்கள். நீல டயோடு மலிவு என்பதால் மொத்த வாட்டில் பெரும்பங்கு அதுவாகவே இருக்கும். சிவப்போ கண்ணுக்கு அவ்வளவு பளிச்சென்று தெரியாது. ஓரத்தில் காவி கட்ட நினைத்தால் சிவப்பை மட்டும் விட்டுத் தனிச் சுற்று.

கண் விஷயத்தில் விளையாட்டே கூடாது. 5 மில்லிவாட்டைத் தாண்டினாலே நேர்க்கதிர் கண்ணுக்குக் கெடுதல். 500-ஐத் தாண்டினால் நான்காம் வகுப்பு, லேசர்களில் ஆபத்து மிகுந்த வகை அது, சுவரில் பட்டுச் சிதறுவதைக்கூடக் கிட்டே நின்று பார்க்கக் கூடாது. நம் வீட்டுக் கூடத்தில் வரிசையாக மாட்டியிருக்கிற சாமி படங்கள் எல்லாம் கண்ணாடி. அவற்றைக் கழற்றி வையுங்கள். குத்துவிளக்கு, எவர்சில்வர் குடம், டிவி எதுவும் கதிர் போகிற வழியில் வேண்டாம். மார்கழி விடியலில் வாசல் தரையில் அடிக்கத்தான் எல்லோருக்கும் ஆசை. குனிந்து தண்ணீர் தெளிக்கிறவர் முகத்தில் படும், கூடவே கூடாது. ஆட்கள் நடமாடுகிற இடத்தில் கதிர் தரையிலிருந்து 3 மீட்டருக்கு மேலேதான் போக வேண்டும். செல்போனில் படம் எடுக்கிறவர் கேமராவைக் கதிருக்கு நேரே காட்டினால் சென்சார் போய்விடும். மொட்டை மாடியிலிருந்து வானத்தைப் பார்த்து அடிக்கவே அடிக்காதீர்கள். தஞ்சாவூரில் விமானப்படைத் தளம் இருக்கிறது, 2020-இலிருந்து சுகோய்கள் அங்கே நிற்கின்றன. திருச்சி விமானங்கள் வேறு. விமானி கண்ணில் பட்டால் விபரீதம்.

கதிரையே காற்றில் பார்க்க வேண்டுமென்றால் புகை தேவை. சாம்பிராணி போட்டால் அழகாகத்தான் தெரியும், ஆனால் அதன் பிசுக்கு கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். புகை மெஷினே மேல். கண்ணாடியில் தூசு இருந்தால் ரப்பர் ஊதியால் ஊதுங்கள், வேட்டி முனையால் துடைக்காதீர்கள். ஐப்பசி அடைமழையில் பெட்டியைச் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடி வையுங்கள். குளிர்ந்த அறையிலிருந்து ஈரக்காற்றுக்குக் கொண்டுவந்தால் கண்ணாடி வேர்க்கும், அது காய்கிற வரை சுவிட்சைப் போடாதீர்கள்.