மழையில்லாமல் சொட்டிய வேன்

மதுரையில் வேன் ஜன்னலைத் திறந்துபோட்டுத்தான் எட்டுப் பேரும் உள்ளே தூங்குவோம், பிரச்சினை இல்லை. திண்டுக்கல் பக்கத்து மலையான சிறுமலையில் குளிருக்கு ஜன்னலை அடைத்துத் தூங்கினால் மட்டும் விடியும்போது வேன் கூரை சொட்டும், போர்வையெல்லாம் ஈரம். ஒழுகல் என்று சீலன்ட் பூசச் சொன்னார் மெக்கானிக். மழையே இல்லாத இரவிலும் சொட்டியதே! எட்டுப் பேர் விடும் மூச்சின் ஈரம் குளிர்ந்த தகரத்தில் பட்டு நீராகிறது. உள்ளே காஸ் அடுப்பு எரித்தால் அதிலும் நீராவி வரும். அடைத்த வண்டியில் கார்பன் மோனாக்சைடு ஆபத்து வேறு.

எதிரெதிர் ஜன்னல்களை இரண்டு விரல் அளவு திறந்து கொசுவலை அடித்தேன். கூரையில் 12 வோல்ட் எக்சாஸ்ட் ஃபேன், காற்றை வெளியே தள்ளும்படி. சமையல் வெளியே, தார்ப்பாய்க்கடியில். ஈரத்துண்டு உள்ளே காயக்கூடாது. சொட்டுவது நின்றது. அப்பத்தாதான் "குளிருதுடா" என்று முனகியது. அதற்கு இன்னொரு கம்பளி.