வாசல் வரை வந்து திரும்பிப் போன ஃபெரட்

இங்கிலாந்தின் நார்ஃபோக் பக்கம் குளிர்காலத்தில் ஃபெரட்டை (கீரி போல நீண்ட உடல் கொண்ட சிறிய வளர்ப்பு விலங்கு) முயல் வளைக்குள் விட்டு, முயல்களை வெளியே விரட்டிப் பிடிக்கிறோம். வளை வாசல்களில் சுருக்கு வலை விரித்து முளை அடித்துவிட்டால், உள்ளிருந்து பாய்ந்து வரும் முயல் அதில் சுருண்டுவிடும். இந்த சீசனில் முயல்கள் வந்தன, எங்கள் கடுவன் ஃபெரட் வரவில்லை. வாசலில் மூக்கை நீட்டும், அப்படியே உள்ளே திரும்பிவிடும். நாள் முழுக்கக் காத்திருக்க வேண்டியதாயிற்று.

செத்த முயலை வாசலில் ஆட்டிக் காட்டினேன், பலனில்லை. பட்டினி போட்டு விடச் சொன்னார்கள். அதை நான் செய்யவில்லை; பசித்த ஃபெரட் உள்ளேயே முயலைக் கொன்று தின்றுவிட்டு அங்கேயே தூங்கிவிடும்.

அப்புறம்தான் ஒன்று கண்ணில் பட்டது. புதருக்குள் வலை போடாமல் விட்டிருந்த வாசலில் மட்டும் அது தயங்காமல் வெளியே வந்தது. மற்ற வாசல்களில் குனிந்து கவனித்தேன். கழுத்துப் பட்டையில் இருக்கும் டிரான்ஸ்மிட்டர், வலையின் 2 அங்குலக் கண்ணில் மாட்டி இழுத்தது. மண்ணுக்குள் ஃபெரட் இருக்கும் இடத்தைக் காட்டுவதே அதுதான், கழற்ற முடியாது.

இப்போது முயல் ஓட்டம் அடங்கியதும் ஃபெரட் எட்டிப் பார்க்கும் வாசலில் வலையின் கீழ் விளிம்பைத் தூக்கி ஒதுக்குகிறேன். முழு உடலும் வெளியே வரும்வரை கையை நீட்டுவதில்லை. அன்றே நேராக வந்துவிட்டது, பெரிய நிம்மதி. உருவத்தில் சிறிய பெட்டை ஃபெரட்டுக்கு இந்தத் தொல்லையே இல்லை, வலைக்கண்ணில் நுழைந்து வந்துவிடுகிறது.