வாதக் கட்டுரை சொல்லிக்கொடுக்கிறீர்களா? இதையெல்லாம் தவிருங்கள்

11 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்கு வாதம் எழுதக் கற்றுத்தர வரும் புதிய ஆசிரியர்கள், நாங்கள் அந்தக் காலத்தில் விழுந்த அதே பள்ளங்களில் விழுவதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. எழுத்துப்பிழை, பத்தி பிரிப்பது எல்லாம் யாருக்கும் தெரியும், விட்டுவிடுகிறேன்.

யாரும் மறுக்காத தலைப்பு

'தூய்மை நல்லது' என்று கொடுத்தால் உபதேசம்தான் வரும்.

முதல் நாளே கட்டம் போடுவது

இன்றும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். முன்னுரை, மூன்று காரணம், முடிவுரை என்று கட்டம் போட்டுக் கொடுத்துவிடுகிறோம். பிள்ளை யோசிப்பதை நிறுத்திவிட்டு அதை நிரப்பத் தொடங்கிவிடுகிறது. 'பள்ளி தாமதமாகத் தொடங்க வேண்டும்' என்று ஒரு மாணவி எழுதியிருந்தாள். ஒன்று, தூக்கம் போதவில்லை. இரண்டு, வகுப்பில் சோர்வு. மூன்று, காலையில் கொட்டாவி. ஒரே காரணத்துக்கு மூன்று சட்டை! எண்ணிக்கை சரியாக இருந்ததால் முழு மதிப்பெண்ணும் கிடைத்துவிட்டது, அதுதான் கொடுமை, அடுத்த கட்டுரையையும் அவள் அப்படித்தானே எழுதுவாள்?

"சரி, சீக்கிரம் படுக்க வேண்டியதுதானே?" என்று கேட்டேன். அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "படுத்தாலும் தூக்கம் வரமாட்டேங்குது சார்." வாதம் அங்கேதான் இருந்தது. பருவ வயதில் உடலின் கடிகாரமே பின்னால் தள்ளிப்போகிறது. இந்த வயதினருக்குப் பள்ளி காலை 8:30க்கு முன் தொடங்க வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அமைப்பு 2014இல் பரிந்துரைத்ததற்கு அது ஒரு முக்கியக் காரணம். இதைத் தேடிப் படித்த பிறகு ஒற்றைக் காரணத்தை வைத்து அவள் எழுதியது, பழைய மூன்றையும்விடக் கனமாக நின்றது.

முதலில் பேசவிடுங்கள், எதிரே ஒருவர் மறுக்கட்டும், அப்புறம் கட்டம் போடலாம்.

சான்றை வைத்துவிட்டு நகர்ந்துவிடுவது

அந்தச் சான்று தன் கருத்தை எப்படித் தாங்குகிறது என்றும் பிள்ளை எழுத வேண்டும். தத்துவ அறிஞர் ஸ்டீபன் டூல்மின் 1958இல் வாதத்தின் உறுப்புகளைப் பிரித்துக் காட்டியபோது இந்த இணைப்புக்குத் தனி இடமே கொடுத்தார். ஓரத்தில் 'அதனால் என்ன?' என்று எழுதிக் கொடுங்கள், போதும்.

நோஞ்சான் எதிராளி

'சிலர் வேண்டாம் என்பார்கள், அது தவறு' என்று ஒரு வரி எழுதினால் மறுப்பாகிவிடாது. நன்னூல் சொல்லும் ஏழு மதங்களில் (இங்கே மதம் என்றால் கொள்கை, கருத்து) ஒன்று, பிறர் கருத்தை முதலில் ஏற்றுக்கொண்டு பிறகு களைவது. பள்ளி நேரத்தைத் தள்ளினால் பெற்றோர் வேலைக்குக் கிளம்பும் நேரம் இடிக்கும், மாலை விளையாட்டு சுருங்கும். எதிர்த்தரப்பே படித்துவிட்டு 'ஆமாம், நான் சொன்னது இதைத்தான்' என்று ஒப்புக்கொள்ளும் அளவுக்கு இதை எழுதிய பிறகே களையச் சொல்லுங்கள்.

நிலைப்பாட்டுக்கு மதிப்பெண்

உங்களுக்குப் பிடிக்காத பக்கம் நின்றதற்காகக் குறைக்கவே குறைக்காதீர்கள்.