ஓடுவதற்கு முன் ஒரு தடவை திருப்பிச் சொல்லுங்கள்

தலைமைத்துவப் பயிற்சியில் கட்டளை காதில் விழுந்ததும் எழுந்து ஓடாதீர்கள். யார், எதை, எத்தனை மணிக்குள் என்று பயிற்றுநரிடமே ஒரு வரியில் திருப்பிச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

சொல்லிப் பார்க்கும்போதுதான் விட்டுப்போன பாதி தெரியவரும். விமானிகளும் கட்டுப்பாட்டுக் கோபுரம் சொல்வதை இப்படித்தான் திருப்பிச் சொல்கிறார்கள். முகாம்களில் ஒரு பழைய தாள் உண்டு: முதல் வரி 'முழுவதும் படித்த பிறகே தொடங்கவும்', நடுவில் வரிசையாகப் பல வேலைகள், கடைசி வரி 'பெயரை மட்டும் எழுதினால் போதும்'. சுறுசுறுப்பானவர்கள்தான் அதில் மாட்டுவார்கள்! தாளில் ஏமாந்தால் சிரிப்போடு போய்விடும். தோட்டத்தில் அப்படியில்லை. பெரட்டில் (காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்தில்) மண்டோர், அதாவது மேற்பார்வையாளர், "அந்தப் பக்கம் புல்லு மருந்து அடிங்க" என்றால், "ரோட்டோரம் மட்டும்தானேண்ணே, கன்னு நட்ட நிரை வேணாமே?" என்று கேட்காதவர் செம்பனைக் கன்றுகளையே கருக்கிவிடுவார்.

தீ மணி அடித்தாலோ, யாராவது "நில்!" என்று கத்தினாலோ இது பொருந்தாது; முதலில் நில்லுங்கள், பிறகு கேளுங்கள். கட்டளையே ஆபத்தானது என்றால் திருப்பிச் சொல்லிப் பயனில்லை, மறுத்துவிடுங்கள். வேலையிடத்தில் உயிருக்கு உடனடி ஆபத்து என்றால், முதலாளியிடம் தெரிவித்தும் அவர் சரிசெய்யாதபோது விலகிக்கொள்ளும் உரிமையை, 1-6-2024 முதல் நம் மலேசியாவின் வேலையிடப் பாதுகாப்புச் சட்டமே தொழிலாளருக்குத் தருகிறது.