ஆவணியில் தண்ணீர் ஏறாத மோட்டர்

யாழ்ப்பாணம் கோண்டாவிலில் ஒரு வீட்டுக் கிணறு. மேலே அரைக் குதிரைவலு மோட்டர். மாரியில் தாங்கி நிரம்பும். ஆவணியில் மோட்டர் சுற்றும், தண்ணீர் வராது. குழாயின் அடியில் தண்ணீர் திரும்பி வடியாமல் தடுக்கும் ஃபுட் வால்வை மாற்றியும் பலனில்லை.

கயிறு விட்டு அளந்தேன்: மோட்டரில் இருந்து நீர்மட்டம் 27 அடி. மேலே இருக்கும் பம்ப் தண்ணீரை இழுப்பதில்லை, வளியமுக்கம்தான் அதைத் தள்ளி ஏற்றுகிறது. அது ஏற்றக்கூடிய உயரம் கணக்குக்கு 33 அடி. நடைமுறையில் 22 முதல் 25 அடிதான். குதிரைவலுவைக் கூட்டினாலும் இந்த எல்லை மாறாது. இது தெரியாமல் பெரிய மோட்டர் வாங்கிக் காசை விடுபவர்களைப் பார்க்க மனம் பொறுக்குதில்லை.

மோட்டரைக் கிணற்றுக்குள் இறக்கி வைத்தால் மாரியில் மூழ்கும். இரட்டைக் குழாய் ஜெட் பம்ப் வேலை செய்யும், ஆனால் தண்ணீரை ஏற்றுவதற்காக, ஏற்றிய நீரில் ஒரு பங்கைத் திரும்பக் கீழே அனுப்புவதால் மின்சாரம் வீண். எனவே நீருக்குள்ளேயே நின்று தண்ணீரை மேலே தள்ளும் அரைக் குதிரைவலு நீர்மூழ்கி மோட்டர்.

நீர்மட்டத்துக்கு 27 அடி, தாங்கி உயரம் 20, குழாய் உராய்வுக்கு 6. மொத்தம் 53 அடி, ஏறக்குறைய 16 மீற்றர். மோட்டரின் தகட்டில் எழுதியுள்ள உச்ச உயரத்தில் ஒரு சொட்டும் வராது. 16 மீற்றரில் நிமிடத்துக்கு எத்தனை லீற்றர் என்று மோட்டரோடு வரும் அட்டவணையில் பாருங்கள்.

நைலோன் கயிற்றில் தொங்கவிடுங்கள், வயரில் அல்ல. அடியில் இருந்து 2 அடி மேலே நிற்கட்டும், சேறு ஏறாது. எர்த்தும், மின் கசிந்தால் தானே நிறுத்தும் ட்ரிப் சுவிட்சும் கட்டாயம்.

எங்கள் சுண்ணக்கல்லுக்குள் நன்னீர் உவர்நீரின் மேல்தான் மிதக்கிறது. வேகமாக இறைத்தால் கீழிருந்து உப்பு ஏறும். அதனால் சிறிய மோட்டரே போதும்; அரை மணி இறைத்துவிட்டு, கிணறு ஊற விடுங்கள்.