லினோ இல்லாட்டியும் அச்சடிக்கலாம்: ஸ்டென்சிலும் பிளாக்கும்

கிளிநொச்சியிலயோ முல்லைத்தீவுப் பக்கமோ இருந்துகொண்டு லினோ எண்டுற, செதுக்கி அச்சடிக்கிற விரிப்புத் துண்டைத் தேடி அலையிறது வீண் மினக்கேடு. இங்க கிடைக்கிற சாமான வச்சு எப்பிடிச் செய்யலாம் எண்டுதான் எழுதுறன்.

முதல் ஒண்டு மண்டையில ஏறோணும். ஸ்டென்சில் எண்ட வெட்டுத் தகட்டில நீங்க வெட்டி எடுத்த ஓட்டைக்குள்ளாலதான் மை போகும். பிளாக் எண்ட செதுக்கின அச்சுக்கட்டையில வெட்டி எடுத்த இடத்தில மை படாது, மிஞ்சி நிக்கிற மேட்டிலதான் படும். இதை மாத்தி யோசிச்சா ஒரு பின்னேரம் முழுக்கச் செதுக்கினது கறுப்பு வெள்ளை மாறி வந்து நிக்கும். என்னைக் கேட்டா எழுத்துக்கு ஸ்டென்சில், படத்துக்கு பிளாக்.

ஸ்டென்சிலுக்கு பழைய எக்ஸ்ரே பிலிம் மாதிரி ஒண்டும் வராது, ஊறாது, கிழியாது, கழுவிக் கழுவி அடிக்கலாம். இல்லாட்டி லமினேட் பண்ணின பேப்பரும் ஓகே. பிரச்சினை எங்க எண்டா தமிழ் எழுத்தின்ர சுழியிலதான். ப, ட, ர, ய எல்லாம் திறந்த எழுத்து, அப்பிடியே வெட்டலாம். க, த, ண, ன, ள எல்லாத்திலயும் மூடின வளையம் இருக்கு, சுத்தி வெட்டினவுடன நடுத்துண்டு கழண்டு விழுந்துடும். கிளிநொச்சி எண்டு ஒருக்கா வெட்டிப் பாருங்கோ, கியும் ளியும் ஓட்டையாப் போய் நிக்கும். அதால ஒவ்வொரு வளையத்துக்கும் 2, 3 மில்லிமீட்டர் அகலத்தில நடுத்துண்டை வெளியோட இணைக்கிற ஒரு பாலம் வெட்டாம விடோணும், எல்லாப் பாலமும் ஒரே பக்கம் பாத்து இருந்தா வடிவா இருக்கும். அரிசிச் சாக்கில ஸ்டென்சிலால அடிச்ச மில் பேரைக் கண்டா நிண்டு பாருங்கோ, எழுத்து எங்க எங்க உடைஞ்சிருக்கு எண்டு. குத்து போடுறதுக்கு கத்தி வேண்டாம், தோலுக்கு ஓட்டை போடுற பஞ்ச் காணும்.

அடிக்கேக்க பிரஷால இழுக்காதேங்கோ. மெத்தை ஸ்பொஞ்சில ஒரு துண்டு வெட்டி, பெயின்ட்ல தொட்டு, முதல் பழைய பேப்பர்ல ரெண்டு மூண்டு தரம் ஒத்தி எடுத்திட்டு பேந்து நேர மேலயிருந்து குத்துங்கோ. ஸ்பொஞ் காய்ஞ்சது போல இருக்கே எண்டு நினைப்பீங்க, அதுதான் சரி. ஈரம் கூடினா பிலிமுக்கு அடியால ஊறி விளிம்பு கெட்டுப்போகும்.

இனி பிளாக். லினோலியம் 1860களில நிலத்தில விரிக்கத்தான் வந்தது, ஆளிவிதை எண்ணெயும் தக்கைத் தூளும் சேத்துச் செய்யிறது, அதால பழசானா இறுகும், சூடு பட்டா இளகும். யாரும் வெளிநாட்டிலயிருந்து ஒரு துண்டு கொண்டுவந்து தந்தா கொஞ்ச நேரம் வெயில்ல வச்சிட்டு வெட்டுங்கோ, எங்கட வெயிலுக்கு அந்த வேலையாவது குடுப்பம். லினோ இல்லாத ஆக்கள் சின்னப் படத்துக்கு அழிரப்பர், பெரிசுக்கு எம்டிஎஃப் பலகை (மரநாரை அமத்திச் செய்யிறது) எடுக்கலாம். எம்டிஎஃப் மையை உறிஞ்சும், வெட்ட முதல் ஒருக்கா வார்னிஷ் பூசிக் காயவிடுங்கோ, தூசுக்கு மாஸ்க்கும் போடுங்கோ. ரப்பர் செருப்பு அடியில தடிச்ச கோடு மட்டும்தான் நிக்கும், மெல்லிய கோடு பிய்ஞ்சிடும். தச்சுப் பட்டறையில சும்மா கிடைக்குது எண்டு பாலை, முதிரைத் துண்டை மட்டும் தூக்கிக்கொண்டு வராதேங்கோ, உளி வழுக்கிக் கையில ஏறும்.

பிளாக் அச்சில எல்லாம் இடம் வலம் மாறித்தான் விழும். அதுக்கு யோசிச்சு மண்டை உடைக்கத் தேவையில்லை, 6பி எண்ட மெதுவான கறுப்புப் பென்சிலால பேப்பர்ல நேராக் கீறிட்டு, அதைக் குப்புறப் பலகையில வச்சு கரண்டி முதுகால அழுத்தித் தேய்ச்சா இடம் வலம் மாறிப் பதியும், அச்சு நேரா வரும். ஃபொட்டோகொப்பி எண்டா பின்பக்கத்தில தின்னர் தொட்ட பஞ்சால தேயுங்கோ, ஆனா கதவு ஜன்னல் திறந்து வச்சு.

வெட்டேக்க பிடிக்கிற கை எப்பவும் உளிக்குப் பின்னால இருக்கோணும். கோட்டுக்கு V வடிவ முனை உள்ள வி உளி, வெளி எடுக்க U வடிவ முனை உள்ள யூ உளி. கூர் போனா பழைய தோல் பெல்ட்ல பித்தளை மினுக்கிற பிராசோ பூசி இழுங்கோ. இடைக்கிடை மை பூசாமலே பலகைக்கு மேல மெல்லிய பேப்பர் வச்சு பென்சிலால சரிச்சுத் தேய்ச்சுப் பாருங்கோ, எவ்வளவு வெட்டியாச்சு எண்டு காட்டும்.

மைக்கு டவுன்ல ஒஃப்செட் பிரஸ்ல கேட்டா சின்னப் போத்தல்ல கொஞ்சம் தருவினம். தண்ணி மை எங்கட பங்குனி சித்திரை வெக்கைக்கு பலகையிலயே காய்ஞ்சிடும், எண்ணெய் மைதான் நல்லது. கண்ணாடியில கொஞ்சமா மை வச்சு ரோலர இழுத்துக்கொண்டே இருங்கோ. கனக்க இருந்தா ரோலர் சளக் சளக்கெண்டு ஒட்டி ஒட்டி வரும், அளவா வந்தா ஸ்ஸ் எண்டு ஒரே சீரான சத்தம். அந்தச் சத்தம் வந்தாப் பிறகுதான் பலகையில உருட்டுங்கோ, ஒருக்காத் தடிப்பாப் பூசாம மெல்லிசா நாலஞ்சு தரம்.

பிரஸ் மெசின் இல்லாட்டிப் பரவாயில்லை, கரண்டி காணும். டிமை பேப்பர (பெரிய வெள்ளைத் தாள்) போட்டு, நடுவிலயிருந்து வெளியால சின்னச் சின்ன வட்டமாத் தேயுங்கோ, ஒரு மூலையை அமத்திப் பிடிச்சுக்கொண்டு மற்ற மூலையைத் தூக்கிப் பாத்தா வெளிறின இடம் தெரியும், விட்டிட்டு அங்க திரும்பத் தேய்க்கலாம்.

மாரியில காய நாள் எடுக்கும், ஒண்டுக்கு மேல ஒண்டு அடுக்காம கொடியில கிளிப் போட்டு விடுங்கோ. பலகையையும் ரோலரையும் முதல் தேங்காய் எண்ணெய் துணியால துடைச்சு பேந்து சவுக்காரம் போட்டுத் துடையுங்கோ, எம்டிஎஃப் எண்டா தண்ணி காட்டவே வேண்டாம். மிஞ்சின மைக்கு மேல ஒரு பொலித்தீன் துண்டை ஒட்ட வச்சு மூடினா ஆடை படியாது.